அசுவினி பெருகும்போது பொறிவண்டு என்ன செய்யும்? மருந்து அடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

தட்டைப்பயறு பூக்கும் நேரம். காலையில் வயலுக்குப் போகிறீர்கள். ஒரு செடியின் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பாக அசுவினி அப்பிக் கிடக்கிறது. கீழ் இலையைத் தொட்டால் கை பிசுபிசுக்கிறது. தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறது. அதே செடியில், மஞ்சள் முதுகில் கறுப்பு வளைகோடுகளோடு மிளகு அளவில் ஒரு வண்டும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் பொறிவண்டு.

இப்போது மருந்து அடிப்பதா, இந்த வண்டை நம்பி விட்டுவிடுவதா? அடித்தால் மருந்துச் செலவு, ஆள் கூலி. விட்டுவிட்டு அசுவினி மீறிப் போனால் மகசூல் இழப்பு. பொறிவண்டு நன்மை செய்யும் பூச்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எந்த நிலையில் அசுவினியை அடக்கும், எந்த நிலையில் அதனால் முடியாது என்று தெரிந்தால்தான் நீங்கள் தைரியமாக முடிவெடுக்க முடியும். இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்கிறது.

முதலில் அசுவினியின் வேகம்

அசுவினி சிறிய பூச்சிதான். ஆனால் பெருகும் வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. நம் வெப்பமான பகுதிகளில் செடியில் நீங்கள் காண்பது பெரும்பாலும் பெண் பூச்சிகளே. ஆண் சேர்க்கை இல்லாமலே, முட்டையும் இடாமல், நேரடியாகக் குஞ்சு ஈனும். பிறக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக்கான கரு வளரத் தொடங்கியிருக்கும். அந்தக் குஞ்சு சுமார் ஒரு வாரத்தில் வளர்ந்து தானும் ஈனத் தொடங்கிவிடும்.

கொழுந்தில் கூட்டம் நெருக்கமானாலோ, செடி முற்றிச் சாறு குறைந்தாலோ இறக்கை உள்ள அசுவினிகள் உண்டாகும். அவை காற்றோடு பறந்து அடுத்த வயலுக்குப் போகும். அதனால் ஒரு செடியில் அசுவினிக் கூட்டம் சில வாரங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. வரும், பெருகும், கலையும். இந்தச் சில வாரங்களுக்குள்தான் பொறிவண்டு தன் பிள்ளைகளை வளர்த்து முடிக்க வேண்டும்.

பொறிவண்டின் வளர்ச்சி

தாய் வண்டு அசுவினிக் கூட்டத்துக்கு அருகில், பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில், மஞ்சள் நிற முட்டைகளைக் குவியலாக நிறுத்தி வைக்கும். இரண்டு முதல் நான்கு நாளில் புழு வரும். புழு நான்கு பருவமாக வளர எட்டு முதல் பத்து நாள். பிறகு இலையில் ஒட்டிக்கொண்டு மூன்று, நான்கு நாள் கூட்டுப்புழுவாக இருந்து வண்டாக வெளிவரும். முட்டையில் இருந்து வண்டு வரை இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதே காலத்தில் அசுவினி இரண்டு தலைமுறை கண்டுவிடும்.

இதில் ஒரு முக்கியமான செய்தி. பொறிவண்டின் புழுவைப் பல விவசாயிகள் கெட்ட பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். அது வண்டைப் போல அழகாக இருக்காது. கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், உடலில் வெளிர் புள்ளிகளோடு, ஆறு கால்களுடன், குட்டி முதலை போல இருக்கும். அசுவினியைத் தின்பதில் வண்டுக்குச் சற்றும் குறையாது. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். அதிலும் பாதிக்கு மேல் கடைசிப் பருவத்தில் தின்பதுதான்.

அசுவினி கூடினால் வண்டு கூடுதலாகத் தின்னும், ஆனால் ஓர் எல்லை வரை

இரை கூடும்போது பொறிவண்டு இரண்டு விதமாக எதிர்வினை காட்டுகிறது. ஒன்று, ஒவ்வொரு வண்டும் தின்பது கூடுகிறது. இரண்டு, வண்டுகளின் எண்ணிக்கையே கூடுகிறது. 1949-ல் சாலமன் என்ற பூச்சியியல் அறிஞர் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். இரண்டும் வேறு வேறு வேகத்தில் நடப்பதால் நாமும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது உடனே நடக்கும். செடியில் ஐந்து அசுவினி இருந்தால் வண்டு தேடி அலைந்து இரண்டு, மூன்றைத்தான் பிடிக்கும். ஐம்பது இருந்தால் எளிதாகக் கிடைக்கும், நிறையத் தின்னும். அப்படியானால் ஐந்நூறு இருந்தால் பத்து மடங்கு தின்னுமா? தின்னாது. வயிறு ஒன்றுதான். ஒவ்வொரு அசுவினியையும் பிடிக்க, மென்று உறிஞ்ச, செரிக்க நேரம் வேண்டும். வளர்ந்த ஒரு வண்டு ஒரு நாளில் ஐம்பது வரை தின்னும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு குவித்து வைத்தாலும் அதிகம் கூடாது.

இதைக் கனடாவைச் சேர்ந்த ஹோலிங் என்ற அறிஞர் 1959-ல் ஒரு விளையாட்டுப் போன்ற சோதனையில் விளக்கினார். மூன்றடி மேசையில் உப்புத்தாள் வட்டுகளைக் குத்தி வைத்து, ஒருவரின் கண்ணைக் கட்டி, விரலால் தட்டித் தட்டி அவற்றைத் தேடி எடுக்கச் சொன்னார். வட்டுகள் குறைவாக இருந்தபோது தேடுவதிலேயே நேரம் போனது. வட்டுகளைக் கூட்டியபோது எடுத்த எண்ணிக்கையும் கூடியது. இன்னும் கூட்டியபோது, தேடும் நேரம் மிச்சமானாலும் ஒவ்வொன்றையும் கழற்றி எடுத்து வைக்கும் நேரம் குறையவில்லை. அதனால் எடுத்த எண்ணிக்கை ஓர் அளவில் நின்றுவிட்டது. பருத்தி எடுக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வெடித்த காய் எவ்வளவு இருந்தாலும் ஒரு கை ஒரு நாளில் எடுப்பதற்கு ஓர் அளவு உண்டு அல்லவா? வண்டும் அப்படித்தான்.

வண்டின் நடையும் இரைக்குத் தக்கபடி மாறும். ஓர் அசுவினியைத் தின்றவுடன் அது வேகத்தைக் குறைத்து, அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடும். அசுவினி கூட்டமாக வாழும் பூச்சி. ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்றும் இருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் நேராக, வேகமாக நடந்து, கடைசியில் பறந்துவிடும். அசுவினி இல்லாத வயலில் வண்டை விலைக்கு வாங்கி விட்டாலும் தங்காது என்பதற்கு இதுவே காரணம்.

வண்டுகளின் எண்ணிக்கை கூடும், ஆனால் தாமதமாக

இரண்டாவது எதிர்வினையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் சுற்றுப்புறத்தில் இருந்து வண்டுகள் வந்து சேரும். அசுவினி கடித்த செடியின் வாசமும், அசுவினியின் இனிப்பான கழிவின் வாசமும் அவற்றுக்கு வழிகாட்டும். அடுத்து, வந்த வண்டுகள் தங்கும். கடைசியாக, வயிறு நிறைந்த பெண் வண்டுகள் முட்டையிடும். தீனி போதாத பெண் வண்டு முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும்.

ஆனால் அசுவினி குவிந்து கிடக்கிறதே என்று தாய் வண்டு எப்போதும் முட்டையிட்டுக் கொண்டே இருக்காது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பொறிவண்டுகளை ஆராய்ந்த ஆந்தனி டிக்சன் விளக்கியது இது. அசுவினிக் கூட்டம் சில வாரங்களில் கலைந்துவிடும். புழு வளரவோ அதில் பெரும்பகுதி நாட்கள் வேண்டும். முற்றிய கூட்டத்தில் முட்டையிட்டால், புழு பெரிதாகித் தீனி அதிகம் கேட்கும் நேரத்தில் அசுவினி இருக்காது. பிள்ளைகள் பட்டினியால் சாகும். அதனால் கூட்டம் இளசாக, பெருகிவரும் நிலையில் இருக்கும்போதுதான் தாய் வண்டு பெரும்பாலும் முட்டையிடுகிறது. ஒரு செடியில் ஏற்கனவே புழுக்கள் நடமாடிய தடம் இருந்தால் அந்த வாசத்தை உணர்ந்து, அங்கே முட்டையிடாமல் வேறு செடிக்குப் போய்விடுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. பொறிவண்டுப் புழுக்கள் தீனி குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். முட்டையில் இருந்து முதலில் வெளிவரும் புழு, பக்கத்தில் பொரிக்காமல் இருக்கும் முட்டையைத் தின்றுதான் முதல் பசியை ஆற்றிக்கொள்ளும். தாமதமாகப் பிறக்கும் பிள்ளை, முன்னால் பிறந்ததற்கு இரையாகும். தாய் வண்டு அந்த ஆபத்தைத் தவிர்க்கிறது.

இதில் இருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். பொறிவண்டின் உதவி, அசுவினி குறைவாக இருக்கும் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த வாரத்தில் வண்டுகள் வந்து முட்டையிட்டிருந்தால் அடுத்த வாரத்தில் பலன் தெரியும். அந்த வாரத்தில் வயலில் வண்டே இல்லை என்றால், பிறகு பத்து வண்டு வந்தாலும் வேலைக்கு ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளங்குவதற்காக ஓர் எளிய கணக்கு. எண்கள் பயிருக்கும் வெயிலுக்கும் தக்கபடி மாறும். ஒரு கொழுந்தில் 20 அசுவினி இருக்கிறது, எதிரி இல்லாமல் மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் 40, ஆறாம் நாள் 80, ஒன்பதாம் நாள் 160, பன்னிரண்டாம் நாள் 320, பதினைந்தாம் நாள் 640. அதாவது, இருப்பதில் ஏறக்குறைய கால் பங்கு ஒவ்வொரு நாளும் கூடுகிறது.

நாளுக்கு 40 தின்னும் ஒரு வண்டு ஆறாம் நாள் வந்தால், கூடுவது 20, தின்பது 40. அசுவினி குறையும். ஒன்பதாம் நாள் வந்தால் கூடுவதும் 40, தின்பதும் 40. நிலை அப்படியே நிற்கும். பன்னிரண்டாம் நாள் வந்தால் கூடுவது 80, தின்பது 40. வண்டு வயிறு நிறையத் தின்றும் தோற்றுவிடும். அதே வண்டு, அதே பசி. ஆறு நாள் தாமதம்தான் வெற்றியைத் தோல்வியாக்குகிறது.

இப்போது, ஆறாம் நாள் வந்த வண்டு 20 முட்டை இட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். ஒன்பதாம் நாள் புழு பொரிக்கும். ஒன்றையொன்று தின்றது போக 10 புழு மிஞ்சும். முதல் சில நாட்கள் அவை நூல் தடிமன்தான். பெரிதாக எதையும் தின்னாது. அசுவினி ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் நாள் வயலைப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பதினைந்தாம் நாள் வாக்கில் அதே புழுக்கள் பெரிதாகி, ஆளுக்கு 25 என்றாலும் நாளுக்கு 250 அசுவினியைத் தின்னும். கூடுவதோ 160. அங்கிருந்து இறங்குமுகம்தான்.

இடையில் மருந்து அடித்தால்?

நம்மில் பலர் மருந்து அடிப்பது அந்தப் பன்னிரண்டாம் நாளில்தான். வயல் மோசமாகத் தெரியும் நாள் அது. பொறிவண்டின் பிள்ளைகள் வேலையைத் தொடங்கவிருக்கும் நாளும் அதுதான்.

மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அசுவினி செத்தது என்றே வைத்துக்கொள்வோம். சுருண்ட இலைக்குள்ளும் அடி இலையிலும் மிச்சம் பத்து இருக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் பூச்சி, பத்தில் இருந்து மறுபடி நூறாவதற்குப் பத்து நாள் போதும். ஆனால் புழுவும் வண்டும் செத்துப்போன வயலில், வெளியில் இருந்து வண்டு வந்து, முட்டையிட்டு, புழு பெரிதாக இரண்டு வாரம் வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியில் அசுவினியைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் ஒரு முறை அடித்தவர் மறுமுறையும் அடிக்க வேண்டி வருகிறது. செடிக்குள் ஊடுருவும் மருந்துகளிலும் இந்தத் தொல்லை உண்டு. நஞ்சேறிய அசுவினியைத் தின்னும் வண்டும் புழுவும் பாதிக்கப்படும்.

நீலகிரியில் வென்ற வண்டு

"ஒரு வண்டை விட்டு ஒரு நாட்டின் பயிரையே காப்பாற்றினார்கள்" என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உண்மைதான். 1888-ல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியாவில் இருந்து ரொடோலியா என்ற சிறிய சிவப்புப் பொறிவண்டை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார். அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த, வெள்ளைப் பஞ்சு போன்ற முட்டைப் பை கொண்ட செதில்பூச்சியை அது ஓரிரு ஆண்டுகளிலேயே அடக்கியது. அதே செதில்பூச்சி நீலகிரியில் சீகை மரங்களில் பரவியபோது, 1920-களின் இறுதியில் இதே வண்டு அங்கும் கொண்டுவரப்பட்டுப் பலன் தந்தது.

அப்படியானால் அசுவினிக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு முழு வெற்றி கிடைப்பதில்லை? செதில்பூச்சி மெதுவாக வளர்வது, ஓரிடத்திலேயே ஒட்டிக் கிடப்பது. அதைத் தின்னும் வண்டு அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கும். அசுவினியோ தன்னைத் தின்னும் வண்டைவிட வேகமாகத் தலைமுறை காணும். எனவே அசுவினி விஷயத்தில் வண்டை விட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. வண்டு முன்கூட்டியே வயலில் இருக்கும்படி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டை முன்கூட்டியே வரவைக்க வரப்புப் பயிர்

பயிரில் அசுவினி வரும் முன்பே வண்டுக்கு வரப்பில் தீனி கிடைத்தால், அது அங்கேயே பெருகிக் காத்திருக்கும். அதற்குத்தான் வரப்புப் பயிரும் ஊடுபயிரும். ஆனால் எந்தப் பயிருக்கு எதை வைப்பது என்பதில் கவனம் வேண்டும். வரப்பில் வளரும் அசுவினி நம் முதன்மைப் பயிரைத் தாக்காத வகையாக இருக்க வேண்டும்.

பருத்திக்குத் தட்டைப்பயறு நல்ல துணை. தட்டைப்பயற்றில் வரும் கறுப்பு அசுவினி வேறு, பருத்தியை முக்கியமாகத் தாக்கும் அசுவினி வேறு. தட்டைப்பயற்றில் பெருகிய வண்டு பருத்திக்கு இறங்கி வரும். ஆனால் நிலக்கடலைக்குத் தட்டைப்பயற்றை வரப்பில் வைத்தால் வினை. இரண்டையும் தாக்குவது ஒரே கறுப்பு அசுவினி. நிலக்கடலைக்கும் பயறு வகைகளுக்கும் சோளம், மக்காச்சோளம், கம்பு போன்றவற்றை வரப்பிலோ ஊடுபயிராகவோ வையுங்கள். இந்தத் தானியப் பயிர்களில் வரும் அசுவினி கடலையைத் தாக்காது. வண்டுக்கு மட்டும் தீனியாகும். அவற்றின் மகரந்தமும் வண்டுக்கு உதவும்.

முதன்மைப் பயிருக்குச் சற்று முன்பாகவோ, அதோடு சேர்த்தோ வரப்புப் பயிரை விதையுங்கள். வரப்புப் பயிரில் அசுவினி வந்துவிட்டது என்று அதற்கு மருந்து அடித்துவிடாதீர்கள். அது நாம் வண்டுக்கு வைத்த தீனி.

வாரம் இருமுறை எண்ணுங்கள்

ஒரே ஒரு நாள் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இன்று பார்த்து, மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். வயலில் குறுக்காக நடந்து ஐந்து இடங்களில், இடத்துக்கு நான்கு செடி வீதம் இருபது செடிகளின் நுனிக் கொழுந்தைப் பாருங்கள். அசுவினி, பொறிவண்டு முட்டை, சிறு புழு, பெரிய புழு, வண்டு என ஐந்தையும் நோட்டில் குறியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் பார்ப்பது நல்லது.

பயறு வகைகளில் 2.5 சென்டிமீட்டர் நுனித்தண்டில் 20 அசுவினி என்பது பொருளாதார சேதநிலைக்கான வழக்கமான அளவு. அதைத் தொட்டாலும் கூடவே என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

• அசுவினி குறைவு, வண்டும் முட்டையும் தெரிகின்றன: எதுவும் செய்ய வேண்டாம்.

• அசுவினி ஏறுகிறது, பல செடிகளில் முட்டையும் சிறு புழுவும் உள்ளன: பொறுமை தேவைப்படும் கட்டம் இதுதான். மருந்து வேண்டாம். மூன்று நாளில் மறுபடி எண்ணுங்கள்.

• அசுவினி அதிகம், பெரிய புழுக்களும் பல செடிகளில் உள்ளன: அடிக்காதீர்கள். அடுத்த சில நாட்களில் இறங்கும்.

• இரண்டு முறை எண்ணியும் அசுவினி ஏறுகிறது, முட்டையும் புழுவும் இல்லை: காத்திருக்க வேண்டாம். நடவடிக்கை எடுங்கள்.

• அசுவினி இறங்கிவிட்டது, வண்டும் குறைகிறது: கவலைப்படாதீர்கள். இரை தீர்ந்ததால் வண்டு வேறு வயலுக்குப் போகிறது.

பொறிவண்டோடு மற்ற நண்பர்களையும் பாருங்கள். பழுப்பு நிறத்தில் உப்பிக் காய்ந்த அசுவினிகள் தெரிந்தால் குட்டிக் குளவிகள் வேலை செய்கின்றன என்று பொருள். கால் இல்லாத, அட்டை போன்ற சிறு புழு அசுவினியைத் தின்றால் அது மலர்களில் பறக்கும் ஈ ஒன்றின் புழு. அதுவும் நம் பக்கம்தான்.

கத்தரியில் மட்டும் எச்சரிக்கை. இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னா என்ற வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான். அதன் முதுகு மினுமினுக்காது, மெல்லிய ரோமத்தோடு மங்கலாக இருக்கும், நிறையப் புள்ளிகள் இருக்கும். புழு மஞ்சள் நிறத்தில் உடலெல்லாம் முள்ளோடு இருக்கும். அது பயிரைத் தின்பது. அதைக் கையால் பொறுக்கி அழிக்கலாம்.

எப்போது வண்டுக்காகக் காத்திருக்கக் கூடாது?

அசுவினி சாறு உறிஞ்சுவதோடு வைரஸ் நோயையும் பரப்பும். மிளகாயில் தேமல், வாழையில் முடிக்கொத்து நோய் இவை போன்றவற்றில் சில அசுவினி வந்து குத்தினாலே போதும், நோய் ஏறிவிடும். வண்டு அசுவினியைத் தின்று எண்ணிக்கையைக் குறைத்தாலும் ஏறிய நோயைத் திரும்பப் பெற முடியாது. இந்தப் பயிர்களில் நோயற்ற நாற்று, நோயற்ற கன்று, நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழிப்பது ஆகியவைதான் முதல் பாதுகாப்பு. இளம் நாற்றுகளில் அசுவினி வேகமாக ஏறினாலும் நீண்ட நாள் காத்திருக்க முடியாது.

அடித்தே ஆக வேண்டும் என்றால்

முதலில் அதிகம் தாக்கிய நுனிகளைக் கிள்ளி அழியுங்கள். கிள்ளும்போது புழுவோ முட்டையோ இருந்தால் அந்த நுனியை விட்டுவிடுங்கள். சிறிய பரப்பில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி உதிரும். அடுத்து, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற கணக்கில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. இதுவும் சிறு புழுக்கள் மேல் நேரடியாகப் பட்டால் அவற்றின் வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், வயல் முழுக்க அடிக்காமல் தாக்கிய இடங்களில் மட்டும் மாலையில் அடியுங்கள். இரசாயன மருந்து கடைசி வழி. அப்போதும் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அந்தப் பயிருக்குப் பரிந்துரைத்த மருந்தை, தாக்கிய பகுதிக்கு மட்டும் அடித்து, வரப்புப் பயிரை விட்டுவிடுங்கள். அங்கே மிஞ்சும் வண்டுகள்தான் மறுபடி வயலுக்கு வரும்.

எறும்பையும் கவனியுங்கள். அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, வண்டையும் புழுவையும் விரட்டும். எறும்பு மொய்க்கும் செடியில் வண்டு நன்றாக வேலை செய்ய முடியாது. வயலுக்குள் உள்ள எறும்புப் புற்றுகளைக் கண்டு அகற்றுங்கள். தேவைக்கு மேல் யூரியா போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்த இளங்கொழுந்தில் அசுவினி இன்னும் வேகமாகப் பெருகும்.

அடுத்த முறை கொழுந்தில் கறுப்பாக அசுவினியைப் பார்த்தால், கடைக்குப் போகும் முன் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டைக் குவியல் இருக்கிறதா? குட்டி முதலை போன்ற புழு இருக்கிறதா? இருந்தால் மூன்று நாள் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அந்த மூன்று நாளில் ஒரு தெளிப்புச் செலவு மிச்சமாகலாம். சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலோ தொடர்புகொண்டு கேளுங்கள்.